அரை மில்லிமீட்டரின் சரித்திரம்

நாற்பது வயதைத் தாண்டி கண் மருத்துவரிடம் போய் வந்தவர்களின் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று. 14, 16 என்று இருந்தால் நிம்மதி. 21ஐத் தாண்டினால் கவலை. கண்ணின் உள்ளழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் சொல்லும் எண்கள் இவை. 21 என்ற அந்த எல்லைக்கோட்டை யார் போட்டார்கள், எந்த ஊர்க் கண்களை அளந்து போட்டார்கள் என்று நாம் கேட்பதில்லை. எண்களுக்கும் சரித்திரம் உண்டு. இந்த எண்ணின் சரித்திரத்தைத் தோண்டிக்கொண்டே போனால், கடைசியில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு சவ்வில் போய் முட்டுகிறோம். அதுதான் கருவிழி. கண்ணின் முன்வாசல் கண்ணாடி.

நோயைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். கண்ணுக்குள் ஒரு தெளிநீர் இடைவிடாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற வடிகால் வழியாக வெளியேறுகிறது. கண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை கண் தன் வடிவத்தோடு இருக்கும். வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் கண்ணின் பின்சுவரில் பார்வை நரம்பு புறப்படும் இடத்தை நசுக்கும். நரம்பிழைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. இதைத்தான் கிளாக்கோமா என்றும் கண்நீர் அழுத்த நோய் என்றும் சொல்கிறோம்.

இந்த நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. மிகப் பரவலான வகையில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது. பார்வை ஓரங்களிலிருந்து கரையும். நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் நின்று வடபத்ரசாயி கோயில் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கும் ஒருவருக்குக் கோபுரத்தின் பதினொரு நிலைகளும் துல்லியமாகத் தெரியும். பக்கவாட்டில் வரும் மினிபஸ் தெரியாது. அவர் தன் கண் நன்றாக இருப்பதாகவே நம்புவார். இடறி விழுந்தால் கல்லைக் குறை சொல்வார், அல்லது வயதை.

*

நோய் பழையது, அதைப் பற்றிய தெளிவு புதியது. கிளாக்கோமா என்ற சொல் நீலமும் பச்சையும் கலந்த ஒரு மங்கல் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை கண்புரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே தெளிவாகவில்லை. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உள்ளே பார்க்கும் கருவியைச் செய்தார். உயிருள்ள மனிதனின் பார்வை நரம்பை முதன்முறையாகக் காண முடிந்தது. பெர்லினில் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃப, இந்நோயில் அந்த நரம்பின் முகப்பு கிண்ணம்போல் குழிந்துபோவதை ஆராய்ந்தார். 1857இல் அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சையையும் அறிவித்தார். அதே காலத்தில் அவர் இன்னொன்றையும் பதிவு செய்தார்: சிலரிடம் கண் இறுகவே இல்லை, ஆனாலும் நரம்பு குழிந்திருக்கிறது. இந்தக் குறிப்பை மருத்துவ உலகம் சௌகரியமாக மறந்துவிட்டு, அழுத்தத்தின் பின்னால் நூறு வருடங்கள் ஓடியது.

அழுத்தத்தை எப்படி அளப்பது? முதல் கருவி விரல். நோயாளியை கீழே பார்க்கச் சொல்லி, மூடிய இமையின் மேல் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வைத்து மாற்றி மாற்றி அழுத்திப் பார்ப்பார்கள். சைக்கிள் டியூபில் காற்று இருக்கிறதா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது மாதிரிதான். 1862இல் லண்டனில் வில்லியம் போமன் இந்த விரல்ஞானத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று படிநிலை வகுத்தார். விரல் நுனியில் அனுபவம் ஏறிய மருத்துவர்கள் இதை நம்பியே வாழ்ந்தார்கள். ஆனால் விரல் கடன் கொடுக்க முடியாத கருவி. ஒருவரின் இரண்டு மற்றவரின் மூன்று.

1884இல் கார்ல் கொல்லர் கொக்கெயின் சொட்டு கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று காட்டியதும் கருவிழிமேல் நேரடியாகக் கருவி வைப்பது சாத்தியமாயிற்று. அடுத்த ஆண்டே மாஸ்கோவில் மக்லகோவ், மை தடவிய தட்டையான எடையைக் கருவிழிமேல் வைத்து எடுத்து, எவ்வளவு வட்டம் தட்டையாயிற்று என்று காகிதத்தில் பதித்துப் பார்த்தார். 1905இல் நார்வேயின் ஷியோட்ஸ் வேறு வழியில் போனார். ஒரு சிறு ஊசித்தண்டு கருவிழியை எவ்வளவு குழித்து உள்ளே இறங்குகிறது என்று முள் காட்டும் கருவி அவருடையது. மேசையோ மின்சாரமோ வேண்டாம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். நம்மூர்ப் பள்ளிக்கூட வராந்தாக்களில் நடந்த கண் முகாம்களில், பெஞ்சில் மல்லாக்கப் படுத்திருந்த பெரியவர்களின் கண்மேல் நெடுங்காலம் நின்றது இந்தக் கருவிதான்.

*

இந்தக் கதையில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1819இல் தொடங்கப்பட்ட மதராஸ் கண் மருத்துவமனை, லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. எழும்பூரில் இன்றும் இயங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். வெள்ளைவிழியும் கருவிழியும் சேரும் விளிம்பில் சிறு வட்டக் கத்தியால் துளையிட்டு, கண்ணின் நீரை இமைச் சவ்வுக்கு அடியில் வடியவிடும் அறுவை முறையை அவர் 1909இல் சென்னையில் தொடங்கினார். 1913இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அடுத்த சில பத்தாண்டுகளுக்கு உலகமெங்கும் கிளாக்கோமாவுக்குச் செய்யப்பட்ட முக்கியமான அறுவை சிகிச்சைகளில் ஒன்று இந்த மதராஸ் துளை.

எலியட் சுவாரசியமான மனிதர். ஊசியால் புரையைக் குத்தித் தள்ளும் நாட்டு வைத்திய முறையை ஆராய்ந்து, அதனால் கெட்டுப்போன கண்களைச் சேகரித்து ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்து திரும்பிய பிறகு லண்டன் மந்திரவாதிகள் சங்கத்தின் அமானுஷ்ய ஆய்வுக் குழுவுக்குத் தலைவரானார். 1934இல், புகழ்பெற்ற இந்தியக் கயிற்று வித்தையைத் திறந்தவெளியில் செய்து காட்டுபவருக்கு 500 கினி தருவதாக அந்தக் குழு அறிவித்தது. பரிசை யாரும் வெல்லவில்லை. கண்ணுக்கு முன் இருப்பதாக எல்லோரும் நம்புவது உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று வாழ்நாளெல்லாம் சந்தேகப்பட்டவர் அவர். ஆனால் அழுத்த எண்ணைச் சந்தேகிக்கும் முறை அவருடைய தலைமுறைக்கு வரவில்லை.

*

இன்று உலகம் முழுவதும் தரநிர்ணயமாகக் கொள்ளப்படும் கருவி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து வந்தது. 1950களில் ஹான்ஸ் கோல்ட்மன் உருவாக்கியது. ஷ்மிட்டுடன் சேர்ந்து 1957இல் விரிவான விளக்கத்தை வெளியிட்டார். அதன் தத்துவம் எளியது. ஓர் உருண்டையின் ஒரு பகுதியைத் தட்டையாக்கத் தேவைப்படும் விசையைத் தட்டையான பரப்பால் வகுத்தால் உள்ளழுத்தம் கிடைக்கும். ஆனால் இந்தக் கணக்குக்கு நிபந்தனைகள் உண்டு. உருண்டையின் தோல் எல்லையற்று மெலிதாக இருக்க வேண்டும், ஈரமில்லாமல் இருக்க வேண்டும், விறைப்பு இருக்கக் கூடாது. நிஜமான கருவிழி மூன்றிலும் தவறுகிறது. அதற்குக் கனம் உண்டு, கண்ணீரின் ஈரம் உண்டு, விறைப்பும் உண்டு.

கோல்ட்மனின் மேதைமை இங்கேதான். விறைப்பு கருவியை வெளியே தள்ளுகிறது. கண்ணீரின் பரப்பு இழுவிசை அதை உள்ளே இழுக்கிறது. தட்டையாக்கும் வட்டத்தின் விட்டம் சரியாக 3.06 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் தள்ளலும் இழுவையும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. கூடுதல் லாபமாக, அந்த அளவில் ஒரு கிராம் விசை என்பது பத்து பாதரச மில்லிமீட்டருக்குச் சமமாகிறது. கண்ணில் மஞ்சள் சாயச் சொட்டு விட்டு, நீல ஒளியில் பார்த்தால் இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். அவற்றின் உள்விளிம்புகள் தொட்டுக்கொள்ளும்வரை மருத்துவர் திருகைத் திருப்புவார். தொட்ட கணத்தில் திருகில் தெரியும் எண்தான் அழுத்தம்.

ஆனால் அந்தச் சமநிலை எல்லாக் கண்களுக்கும் பொருந்தாது. கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் கனம் உள்ளது என்று எடுத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு செய்யப்பட்டது. கனம் மாறினால் அளவும் பிசகும் என்பது கோல்ட்மனுக்கும் ஷ்மிட்டுக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் ஆரோக்கியமான கண்களில் அது பெரிதாக மாறாது என்று அவர்கள் கருதினார்கள். கனத்தைச் சுலபமாக அளக்கும் வசதி அன்று மருத்துவமனைகளில் இல்லை. சைக்கிள் உதாரணத்துக்கே திரும்பலாம். ஒரே அளவு காற்றை அடைத்தாலும் தடித்த ரப்பர் டயர் விரலுக்குக் கட்டியாக இருக்கும். தேய்ந்து மெலிந்த டயர் மெத்தென்று அமுங்கும். கருவிழி தடித்தால் கருவி அழுத்தத்தைக் கூட்டிச் சொல்லும். மெலிந்தால் குறைத்துச் சொல்லும்.

அடுத்த ஆண்டு, 1958இல், ஜெர்மனியில் லைடெக்கரும் அவருடைய சகாக்களும் ஏறத்தாழ பத்தாயிரம் ஆரோக்கியமான மனிதர்களின் கண்ணழுத்தத்தை ஷியோட்ஸ் கருவியால் அளந்தார்கள். சராசரி 15.5 வந்தது. சராசரியோடு திட்ட விலக்கத்தை இரண்டு மடங்காகக் கூட்டினால் ஏறத்தாழ 20.6. அதுவே முழு எண்ணாகி 21 ஆயிற்று. இவ்வளவுதான் இந்த எண்ணின் பூர்வீகம். 21க்கு மேல் நரம்பு சாகும், கீழே சாகாது என்று யாரும் நிரூபிக்கவில்லை. 21க்கு மேல் இருப்பவர் அபூர்வம் என்பது மட்டுமே அந்த ஆய்வின் பொருள். அபூர்வம் என்ற சொல் நோய் என்ற சொல்லாக மாறியது பாடப்புத்தகங்களில் நிகழ்ந்தது. ஐரோப்பியக் கண்களில் பிறந்த எண், கப்பலேறிய பாடப்புத்தகங்களோடு உலகமெங்கும் சென்றது.

*

1975இல் டென்மார்க்கின் நீல்ஸ் ஏலர்ஸ், அறுவைக்கு வந்த நோயாளிகளின் கண்ணுக்குள் மெல்லிய குழாய் செலுத்தி உண்மையான அழுத்தத்தை அளந்து, கோல்ட்மன் கருவி காட்டிய எண்ணோடு ஒப்பிட்டார். கருவிழிக் கனம் 520 மைக்ரான் இருந்த கண்களில் கருவி ஏறக்குறைய உண்மை பேசியது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தடித்த கண்களில் கூட்டியும் மெலிந்த கண்களில் குறைத்தும் சொன்னது. ஆனால் இந்த ஆய்வை மருத்துவ உலகம் கால் நூற்றாண்டு காலம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அதற்குள் வேறு ஆய்வுகள் எண்ணின் அடித்தளத்தை அசைத்துக்கொண்டிருந்தன. 1991இல் வெளியான அமெரிக்காவின் பால்டிமோர் ஆய்வில், கிளாக்கோமா இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் பரிசோதனையில் அழுத்தம் 21 அல்லது அதற்குக் கீழேதான் இருந்தது. எண்ணை மட்டும் பார்த்து வடிகட்டியிருந்தால் நோயாளிகளில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கிரேஃப 1857இல் பார்த்து எழுதிவைத்த நோயாளிகள் மீண்டும் கணக்கில் வந்தார்கள்.

திருப்புமுனை 2002. அமெரிக்காவில், அழுத்தம் கூடுதலாக இருந்தும் நரம்பு சேதமாகாத 1636 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவுகள் வெளியாயின. சொட்டு மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும் ஐந்தாண்டுகளில் நோய் வந்தது. மருந்து பலன் தருகிறது என்பது உறுதியாயிற்று. யாரும் பெரிதாக எதிர்பார்க்காத முடிவு வேறொன்று. கருவிழிக் கனம் 555 மைக்ரான் அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு, 588க்கு மேல் இருந்தவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. பாடப்புத்தகத்தின் ஒரு மூலையில் கிடந்த கருவிழிக் கனம் ஒரே நாளில் நடுப்பக்கத்துக்கு வந்தது. கனத்தை ஒலியலைகளால் அளக்கும் பேனா போன்ற சிறு கருவி, அதன் பிறகுதான் கிளாக்கோமா பிரிவுகளில் சாதாரணமாயிற்று.

*

நம்முடைய கண்கள் எவ்வளவு கனம்? இந்தக் கேள்விக்கு விடை தமிழ்நாட்டிலேயே தேடப்பட்டது என்பது நாம் பெருமைப்படவேண்டிய விஷயம்.

சங்கர நேத்ராலயா 2001 முதல் 2004 வரை சென்னை கிளாக்கோமா ஆய்வை நடத்தியது. எல். விஜயா, ரோனி ஜார்ஜ் முதலியோர் பங்குகொண்ட இந்த ஆய்வில் சென்னை நகரிலும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் நாற்பது வயது கடந்த ஏழாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டனர். சராசரிக் கருவிழிக் கனம் ஏறத்தாழ 511 மைக்ரான். உலகெங்கும் வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் கணக்கிடப்பட்ட சராசரி 534. நாக்பூர் அருகே கிராமங்களில் நடந்த மத்திய இந்திய ஆய்வும் 514 என்று சென்னைக்கு அருகிலேயே வந்து நின்றது. ஆக, கருவி குறைத்துச் சொல்ல வாய்ப்புள்ள கண்கள் நம்மிடையே அதிகம்.

சென்னை ஆய்வு இன்னொரு புதிரையும் வைத்தது. கிராமத்தாரின் கருவிழி நகரத்தாருடையதைவிடச் சுமார் 18 மைக்ரான் மெலிது. அப்படியானால் நோய் கிராமத்தில் அதிகம் இருக்கவேண்டும் அல்லவா? மாறாக, பரவலான வகை கிளாக்கோமா கிராமத்தில் 1.62 சதவீதம், நகரத்தில் 3.51 சதவீதம். மெல்லிய கருவிழி தலைவிதி அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கனம் பல காரணிகளில் ஒன்று மட்டுமே. ஆனால் எல்லாவற்றையும்விட மனதைத் தைப்பது வேறொரு தகவல். கிராமத்தில் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே, அதுவரை தங்களுக்கு நோய் இருப்பது தெரியாது.

தெற்கே மதுரையிலும் இதே கதை. எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் வளைந்த விரல்களோடு அறுவை சிகிச்சை பழகியவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தென்மாவட்டங்களில் இரண்டு தலைமுறைகளுக்குக் கண் முகாம் என்ற சொல் பரிச்சயமானதில் அவருடைய பங்கு பெரிது. 1990களில் அந்த மருத்துவமனை தமிழகத்தின் மூன்று தென்மாவட்டங்களில் நாற்பது வயது கடந்த 5150 பேரைப் பரிசோதித்தது. 2003இல் ராமகிருஷ்ணன் முதலியோர் வெளியிட்ட கட்டுரையின்படி 2.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு வகைக் கிளாக்கோமா இருந்தது. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் அதை அறியாதவர்கள்.

மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதியை நினைத்துப் பார்க்கலாம். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலையிலிருந்து வளர்ந்த தொழில் நகரம் ராஜபாளையம். அதன் பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. கண் அறுவைக்குப் பின் ஒட்டப்படும் பஞ்சுத் திண்டின் துணி இந்த ஊர்க்காரர் கை பட்டதாக இருக்கக்கூடும். நூல் அறுந்ததா என்று நாளெல்லாம் நேரெதிரே கூர்ந்து பார்க்கும் வேலை நெசவு வேலை. நடுப்பார்வையால் பிழைப்பவர்களுக்கு ஓரப்பார்வை போவது தெரிய இன்னும் தாமதமாகும்.

கண்புரைக்கு முகாம் கைகொடுத்தது. ஏனென்றால் புரை வெளியே தெரியும்; டார்ச் விளக்கே போதும். அறுவை முடிந்த மறுநாள் கட்டைப் பிரித்ததும் பேரன் முகம் தெரிகிறது. ஊர் முழுக்கச் செய்தி பரவுகிறது. கிளாக்கோமா எதிர்த் திசையில் நிற்கிறது. அதற்குச் சிகிச்சை பெற்றவருக்கு எதுவும் கூடுதலாகத் தெரியாது. இருப்பது போகாமல் நிற்கும், அவ்வளவுதான். எதுவும் நடக்காமலிருப்பதற்காக ஆயுள் முழுவதும் சொட்டு மருந்து வாங்கும்படி ஒரு தினக்கூலிக்காரரிடம் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை யோசித்தால் விளங்கும். அவர் சீட்டில் 17 என்று வேறு எழுதியிருந்தால்?

*

கனத்தை அளந்து எண்ணைத் திருத்திவிட்டால் போதாதா என்று தோன்றும். பலர் சூத்திரங்கள் வகுத்தார்கள். 100 மைக்ரானுக்கு 7 கூட்டலாம் என்பது ஏலர்ஸின் கணக்கு. பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் 2, 3 என்று சொன்னன. கருவிழியின் விறைப்பு கனத்தை மட்டும் பொறுத்ததல்ல. ஒரே கனமுள்ள இரண்டு துணிகளில் ஒன்று மல்லாகவும் மற்றொன்று கேன்வாஸாகவும் இருக்கலாம். 2002 ஆய்வின் தகவல்களை வைத்தே 2012இல் பிராண்ட் முதலியோர் சூத்திரங்களைச் சோதித்தார்கள். அழுத்த எண்ணைத் திருத்துவதால் நோயை முன்னறிவிக்கும் திறன் கூடவில்லை. கனத்தைத் தனியாக, அழுத்தத்தைத் தனியாக வைத்துப் பார்ப்பதே மேல் என்பது முடிவு. கழித்துக் கூட்டி ஒரே எண்ணாக்கும் ஆசைக்கு அங்கே ஒரு முற்றுப்புள்ளி விழுந்தது. லேசர் சிகிச்சையில் கருவிழியைச் செதுக்கிக் கண்ணாடியைத் துறந்த இளைஞர்கள் மட்டும் இதைத் தனியே நினைவில் வைக்கவேண்டும். அவர்களுடைய கருவிழி செயற்கையாக மெலிந்தது. நாற்பது வயதுக்குப் பின் அவர்கள் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டப்படும். தாம் அந்தச் சிகிச்சை செய்துகொண்டதை மருத்துவரிடம் அவர்களே சொல்ல வேண்டும்.

2010இல் வெளியான ஒரு மதிப்பீடு, இந்தியாவில் நாற்பது வயது கடந்தவர்களில் ஒரு கோடியே பன்னிரண்டு லட்சம் பேருக்குக் கிளாக்கோமா இருப்பதாகச் சொன்னது. வழிகள் இல்லாமல் இல்லை. விலை குறைந்த சொட்டு மருந்துகள் இருக்கின்றன. எலியட் 1909இல் சென்னையில் போட்ட துளையின் தூரத்துப் பேரன்போல, கண்ணின் நீரை வடியச் செய்யும் மலிவான வடிகால் சாதனம் ஒன்றை மதுரை ஆரோலேப் 2013 முதல் தயாரித்துத் தருகிறது. தடை வேறிடத்தில் இருக்கிறது. நோயைக் கண்டுபிடிக்க மருத்துவர் கண்மணியைச் சொட்டு மருந்தால் விரித்து, பார்வை நரம்பின் முகப்பை நிதானமாகப் பார்க்கவேண்டும். ஓரப்பார்வையைச் சோதிக்கவேண்டும். அதற்கு நேரம் வேண்டும். எண்ணை எழுத அரை நிமிடம் போதும்.

எனவே, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்து, நீங்களும் நாற்பதைக் கடந்தவர் என்றால், சீட்டிலுள்ள எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். கருவிழிக் கனம் எவ்வளவு, நரம்பு எப்படி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இரண்டுக்கும் விடை தரும் கருவிகள் இன்று நம் மாவட்டங்களுக்கு வந்துவிட்டன. கோல்ட்மன் தன் கருவியோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே எழுதினார். கருவி எழுபது வருடங்களாக உலகம் சுற்றுகிறது. நிபந்தனை மட்டும் வழியில் எங்கோ தவறிப்போயிற்று.